எருமை பூசிய சேற்றுச் சட்டை

ஒரு காட்டில் பசி மிகுந்துவிட்டது. சிங்கராஜா பாறைமேல் ஏறி, "மழைக்காலம் வருவதற்குள் என் காட்டில் ஒரு விலங்கின் விலா எலும்புகூட வெளியே தெரியக் கூடாது! குளக்கரைப் புல்வெளியை ஏழைகளுக்குத் திறந்துவிடுங்கள்!" என்று கர்ஜித்தது.

பொறுப்பு நரி மந்திரியிடம் போனது. நரி சும்மா இருக்குமா? புல்வெளியைச் சுற்றி முள்வேலி போட்டது. வாசலில் தன் கூட்டாளி காட்டுப்பன்றியைக் காவல் வைத்தது. பன்றியும் ராப்பகலாகக் காவல் காத்தது, புல்லை வேரோடு தோண்டித் தின்றபடி!

ஒரு எருமை தன் கன்றோடு வாசலுக்கு வந்தது. "மந்திரி ஐயா, எனக்குப் பால் வற்றிவிட்டது. என் பிள்ளையையாவது உள்ளே விடுங்கள்!"

நரி கன்றை ஏற இறங்கப் பார்த்தது. "வயிறு இவ்வளவு பெரிதாக இருக்கிறதே! இதுவா ஏழை?"

"அது பசியில் உப்பிய வயிறு, ஐயா!"

"உப்பியதோ, ஊதியதோ! நாளைக்கு வா!"

மறுநாளும் அதே பதில்தான். அதற்கும் மறுநாள் எருமை வந்தபோது, நரியே வாலைக் குழைத்துக்கொண்டு எதிரே ஓடி வந்தது.

"வாம்மா, வா! ராஜா பார்வையிட வருகிறார். நீயும் உன் பிள்ளையும் சேற்றில் நன்றாகப் புரண்டு, வெயிலில் காய்ந்துவிட்டு வாருங்கள். ராஜா போனதும் உனக்குப் புல் தருகிறேன்!"

கன்றின் முகத்தைப் பார்த்த எருமை சரி என்றது. காய்ந்த சேறு விலா எலும்பை மூடித் தடிமனாக ஒட்டிக்கொண்டது. தாயும் பிள்ளையும் பூசணிக்காய் போல ஆகிவிட்டார்கள்!

சிங்கம் வந்தது. அதன் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்! "அடடா, என்ன கொழுப்பு! என்ன வளர்த்தி! காட்டில் வறுமை ஒழிந்தது! இனி இந்தப் புல்வெளி எதற்கு? இன்றோடு மூடிவிடுங்கள்!"

 எருமை நரியைப் பார்த்தது. நரி வானத்தைப் பார்த்தது. கன்று, "அம்மா, புல் எங்கே?" என்று கேட்டது.

எருமை கன்றை முட்டித் தள்ளிக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தது.

"இறங்காதே! தண்ணீர் குளிரும்!" என்று நரி அலறியது.

"எருமைக்கு எப்போதடா தண்ணீர் குளிர்ந்தது?" என்று சிங்கம் திரும்பிப் பார்த்தது.

இரண்டும் முங்கி எழுந்தன. எலும்பெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"எங்கே போயிற்று சதை?"

"அது சதை இல்லை மகாராஜா, சேறு! உங்கள் திட்டத்தில் மந்திரி எங்களுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். கொழுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் வேலியைப் பாருங்கள்!"

முன்பு ஒல்லியாக இருந்தபோது நுழைந்த வேலிச் சந்து வழியாகவே ஓடப் பார்த்த காட்டுப்பன்றி, இடுப்பு சிக்கிக் காலை உதறிக்கொண்டிருந்தது.

சிங்கத்துக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "வேலியைப் பிடுங்குங்கள்! மிச்சப் புல் கன்றுக்கு! அடேய் நரி, இந்தக் கன்றின் விலா மூடும்வரை நீ அந்தச் சேற்றிலேயே கிட!"

"மகாராஜா, எனக்குப் பசிக்குமே!"

"பசித்தால் என்ன? மேலே கொஞ்சம் சேறு பூசிக்கொள்!"

ஏழையின் வயிற்றை நிரப்பாமல் விலாவை மட்டும் மூடிவிட்டு வறுமை ஒழிந்தது என்று சொல்லும் ஆட்சி, ஒரு முழுக்கிலேயே அம்பலமாகிவிடும்.