பூந்திக்கொட்டை லட்டு

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். ராசான்னா அரண்மனை இருக்கும், அரண்மனைன்னா அடுப்படி இருக்கும்ல? அந்த அடுப்படிக்குப் பெரிய சமையக்காரரு ஆவுடையப்பன்னு ஒரு அண்ணாச்சி. தொந்தி முன்னாடி வரும், அவரு பின்னாடி வருவாரு. கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனா அவருகிட்ட ஒரு கோணக் குணம். "தெரியாது"ன்னு யாராச்சும் சொன்னா மனுசனுக்குப் பொறுக்காது.

"என் அடுப்படியில எல்லாருக்கும் எல்லாம் தெரியணும். தெரியாதுன்னு ஒரு தரம் சொன்னா அண்டா கழுவணும், ரெண்டாந்தரம் சொன்னா பட்டினி, மூணாந்தரம் சொன்னா வெளிய"ன்னு வச்சுட்டாரு.

அப்புறம் என்ன? எதைக் கேட்டாலும் எல்லாரும் "தெரியும் அண்ணாச்சி"தான். மாவாட்டுற குருவம்மாகிட்ட "உளுந்து எம்புட்டு ஊறணும் தெரியுமா?"ம்பாரு. "தெரியும் அண்ணாச்சி"ம்பா. தெரிஞ்சாத்தான? குத்துமதிப்பா ஊறவச்சு இட்லி கல்லு கல்லா வரும், மறைச்சுக் கொண்டுபோயிக் கொல்லையில போடுவா, நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும். ஏலே, நீ ஏன் சிரிக்கே? வாத்தியாரு "புரிஞ்சுதா"ன்னு கேட்டா நீயும் பெரிசா தலையாட்டிட்டுத்தான் வருதியாம், உங்கம்மா சொன்னா.

அந்த அடுப்படிக்குப் புதுசா ஒருத்தி வேலைக்கு வந்தா, பேரு பேச்சி. பாவம், அவ புருசன் பனையில இருந்து விழுந்து காலு ஒடிஞ்சு கெடந்தான். வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைக. அடுப்படியில குடுக்குற சோத்தை மடியில கட்டிட்டுப் போனாத்தான் அதுகளுக்கு ராத்திரிக் கஞ்சி. ஆனா பேச்சி வாயி இருக்கே வாயி, அது சும்மா இருக்காது.

வந்த அன்னைக்கே, "அண்ணாச்சி, பருப்பு வேகுறதுக்கு முன்னாடி ஏன் உப்புப் போட மாட்டேங்கீங்க? எனக்குத் தெரியாதே"ன்னா. போச்சா, அண்டா கழுவினா. மறுநா, "அண்ணாச்சி, பாகு பதம் வந்துட்டுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? எனக்குத் தெரியாதே"ன்னா. போச்சா, பட்டினி. புள்ளைகளும் பட்டினி.

குருவம்மா அவளைத் தனியா இழுத்துட்டுப் போயி, "ஏட்டி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? இன்னொரு தரம் சொன்னா உன் புள்ளைக கதி என்னட்டி?"ன்னா. பேச்சி கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "இனி கேக்கல மதினி"ன்னுட்டா.

அப்படி இருக்கையில ராசா மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. மாப்பிள்ளை மலைநாட்டு ராசா மகன். மலைநாட்டுல இருந்து ஒரு ஆளு கழுதை மேல மூட்டையை ஏத்திட்டு வந்தான், அடுப்படி வாசல்ல தொப்புன்னு போட்டான், "பூந்திக்கொட்டை. கல்யாணப் பொண்ணுக்கு"ன்னான், கழுதைக்குத் தண்ணி காட்டக் கெணத்துப் பக்கம் போயிட்டான்.

அந்தச் சீமையில பூந்திக்கொட்டையை யாரும் கண்டதில்ல. அவுகளுக்குத் தெரிஞ்சது சீயக்காயும் உவர்மண்ணும். அண்ணாச்சி மூட்டையைப் பிரிச்சாரு, ஒரு கொட்டையை எடுத்து உருட்டிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. "பூந்திக்கொட்டைன்னா வேறென்ன, பூந்திக்குப் போடுறதுதான். இடிச்சுப் பாகுல போடுங்க, லட்டு பிடிக்கலாம். தெரியும்ல?"ன்னாரு.

அடுப்பு பாக்குற சுடலைமுத்து "தெரியும் அண்ணாச்சி"ன்னான். காய் நறுக்குற இசக்கி "தெரியும் அண்ணாச்சி"ன்னான். குருவம்மா "தெரியும் அண்ணாச்சி"ன்னா.

பேச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் நின்னா. புள்ளைக மொகம் கண்ணுக்குள்ள வந்துச்சு. ஆனாலும் கல்யாண லட்டாச்சே, ஊரே திங்குமே! அவளுக்கு மனசு கேக்கல. "அண்ணாச்சி, இது என்னதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் புதுசு மாதிரித்தான் இருக்கு. கொண்டாந்த ஆளு கெணத்தடியில நிக்கான், ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரவா?"

அம்புட்டுத்தான்! "மலைநாட்டான்கிட்டப் போயிக் கேக்கவா? என் அடுப்படி மானத்தை வாங்கவா வந்த? மூணாந்தரம் ஆச்சு, போ வெளிய!"ன்னு கரண்டியைத் தூக்கிட்டாரு.

பேச்சி அழுதுகிட்டே போனா. போற வழியில கெணத்தடி. அந்த ஆளைப் பாத்து, "எய்யா, அந்தக் கொட்டை எதுக்குய்யா?"ன்னா. அவன், "பொண்ணு பட்டுச்சேலையும் நகையும் அலசத்தான் தாயி. தண்ணியில போட்டா நொங்கும் நொரையுமா பொங்குமே"ன்னான். அய்யய்யோன்னு திரும்பி ஓடியாந்து கதவைத் தட்டுதா தட்டுதா, "அண்ணாச்சி, அது துணி வெளுக்குறது! பாகுல போடாதீங்க!"ன்னு கத்துதா. "தொரத்துனவ பேச்சைக் கேட்டா சமைக்கிறது?"ன்னு உள்ளருந்து தாப்பாளைப் போட்டுட்டாரு மனுசன்.

பாகு பொங்குச்சு பாரு, அண்டா நிறைஞ்சு வழிஞ்சு அடுப்படியெல்லாம் நொரை. "நல்ல சாதிக் கொட்டை, அதான் பொங்குது"ன்னாரு அண்ணாச்சி. லட்டும் பிடிச்சாச்சு, பந்தியும் போட்டாச்சு. மலைநாட்டு ராசா மொத லட்டை வாயில போட்டாரு, மொகம் கோணிப் போச்சு, "சம்பந்தி..."ன்னு வாயைத் தெறந்தாரு, புளுக்குனு ஒரு நொரை முட்டை. மறுபடி "சம்..."முன்னாரு, ரெண்டு முட்டை. மாப்பிள்ளை தும்முனான், மூக்கு வழியா முட்டை பறக்குது!

அது அழுக்கெடுக்குற கொட்டைன்னு மலைநாட்டு ஆளுக சொல்லவும், நம்ம ராசாவுக்கு வந்துச்சே கோவம். "எவன்டா சமைச்சது?"ன்னு கத்துனாரு. அண்ணாச்சி, "பேச்சிதான் மகாராசா! வேலையை விட்டுத் தொரத்துன ஆத்திரத்துல கலந்துட்டா"ன்னு கூசாமச் சொல்லிட்டாரு.

வாசல்ல அழுதுகிட்டு நின்னவளையும் அடுப்படி ஆளுக அம்புட்டுப் பேரையும் பிடிச்சுட்டு வந்தாக. "நான் கலக்கல மகாராசா. அது என்னதுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன், வெளிய அனுப்பிட்டாரு"ன்னா பேச்சி.

ராசா அண்ணாச்சி பக்கம் திரும்பி, "அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"ன்னாரு.

பழகுன நாக்கு சும்மா இருக்குமா? "தெரியும் மகாராசா!"

"சுடலைமுத்து, உனக்கு?" "தெரியும் மகாராசா!" "இசக்கி, உனக்கு?" "தெரியும் மகாராசா!" "குருவம்மா?" "தெரியும் மகாராசா!"

"அப்ப தெரிஞ்சேதான் என் சம்பந்திக்கு அழுக்கெடுக்குற கொட்டையைக் குடுத்தீங்களா? கொண்டாங்கடா யானையை! நாலு பேரையும் இடறட்டும்!"

யானை வருது, மணி கேக்குது. தன் மேல பழியைப் போட்டவருதானேன்னு பேச்சி சும்மா நின்னாளா? நிக்கலையே! ஓடிப்போயி ராசா காலுல விழுந்தா. "யானையை நிப்பாட்டுங்க மகாராசா! அவருக்குத் தெரியாது. இவுக ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வார்த்தை அவுக வாயில வராது, அதுதான் குத்தம்"னா.

"அப்படின்னா அவனே சொல்லட்டும்"னாரு ராசா.

"தெ..."ன்னாரு அண்ணாச்சி. "தெரி..."ன்னாரு. யானை தும்பிக்கையைத் தூக்குச்சு. "தெரியாது மகாராசா! எனக்குத் தெரியாது!"ன்னு ஓன்னு அழுதுட்டாரு. "சின்னதுல தெரியாதுன்னு ஒரு தரம் கேட்டேன், எனக்குச் சமையல் பழக்குன பெரியவரு கரண்டியைக் காய்ச்சிக் கையில வச்சுட்டாரு. அதுக்கப்புறம் யாருகிட்டயும் கேட்டதில்ல. பேச்சி, உன் மேல பொய் சொல்லிட்டேன் தாயி"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பேச்சிக்கும் அழுகை வந்துட்டு.

ராசா யானையை அனுப்பிட்டாரு. ஆனா பொய்க்குக் கூலி வேணாமா? கல்யாணத்து எண்ணெய்ச் சட்டி, அண்டா அம்புட்டையும் மிச்சக் கொட்டையைப் போட்டு அண்ணாச்சி ஒத்தையாளா கழுவணும். அதோட, தெனம் காலையில தனக்குத் தெரியாததை யாருகிட்டயாச்சும் கேட்டாத்தான் அவருக்குக் கஞ்சி. கஞ்சி ஊத்துறது யாரு? பேச்சி!

மறுநா காலையில வந்து, "உப்பு எங்க இருக்கு?"ன்னாரு. "அது தெரிஞ்சுக்கிட்டே கேக்குறது அண்ணாச்சி, செல்லாது"ன்னு பேச்சி சட்டியை மூடிட்டா. மனுசன் மத்தியானம் வரைக்கும் சுத்திச் சுத்தி வந்தாரு. பசி தாங்கல. கடைசியில குருவம்மா பக்கத்துல போயி உக்காந்து, சத்தமே வராம, "ஏ குருவம்மா, உளுந்து எம்புட்டு நேரம்தான் ஊறணும்?"னு கேட்டாரு.

குருவம்மா அவரு மொகத்தைப் பாத்தா. "எனக்கும் தெரியாது அண்ணாச்சி. வாங்க, போட்டுப் பாப்போம்"னா.

அடுப்படியே சிரிச்சுச்சு. பேச்சி கஞ்சியை ஊத்தி, ஊறுகாயும் வச்சுக் குடுத்தா. அதுக்கப்புறம் அந்த அடுப்படி இட்லி பூவா வந்துச்சாம், பேச்சி புள்ளைகளுக்கு அண்ணாச்சியே தெனம் சோறு கட்டிக் குடுத்தாராம்.

கேட்டவ மடியில சோறு, கேக்காதவன் அண்டாவுல நொரை. ம், என்னல? சம்பந்தின்னா என்னன்னு தெரியாதா? அட என் ராசா, இத மொதல்லயே கேக்க வேண்டியதுதான! இங்க வா, சொல்லுதேன்.