இனிய குரலில் வந்த கெட்ட செய்தி

கேளுங்கள். ஆண்டுகளை யாரும் எண்ணி வைக்காத காலம் அது. பொழிலூர் என்று ஓர் ஊர். ஊருக்கு மேற்கே மேட்டில் பெரிய ஏரி; ஏரிக்கரைக்குக் கீழே நூறு வீடுகள்.

ஆண்டுதோறும் ஊர்ச்சபை கூடி ஏரிக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். மடையைத் திறப்பது, மூடுவது, கரையைப் பலப்படுத்துவது, மூன்றும் அவர் சொல்படிதான் நடக்கும். ஏழு ஆண்டுகளாக அந்தத் தலைவர் விடங்கர்.

விடங்கருக்கு ஏரியைப் பற்றி அதிகம் தெரியாது. நீந்தவும் தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு குரல் இருந்தது. கனமான, நிதானமான குரல். கோயில் மண்டபத்தில் அவர் பேசினால், கடைசித் தூணருகே நிற்பவருக்கும் தன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. நன்றாகச் சொன்னார் என்பது மட்டும் நினைவிருக்கும். அவர் கெட்டவர் அல்ல. தன் குரலை எல்லோரும் நம்பியதைப் பார்த்து அவரும் அதை நம்பிவிட்டார்.

அதே ஊரில் சேந்தன் இருந்தான். ஏரிக்குள் மூழ்கி மடைக்கல்லைத் திறப்பதும் மூடுவதும் அவன் வேலை. இளவயதில் ஒருமுறை நீருக்கடியில் மாட்டிக்கொண்டு பிழைத்தவன். அன்றிலிருந்து அவன் குரல் உடைந்துபோயிற்று. பேசத் தொடங்கினால் கீச்சென்று வரும், நடுவில் நின்றுவிடும், இருமிவிட்டு மீண்டும் தொடங்குவான்.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்து ஏரி நிரம்பியது. மடையைப் பார்க்க நீருக்குள் இறங்கிய சேந்தன், கரையின் அடியில் ஓரிடத்தில் நீர் தன் கையை உள்ளே இழுப்பதை உணர்ந்தான். கரைக்குள் பொந்து விழுந்திருந்தது.

சபையில் எழுந்து சொன்னான். "கரை... கரைக்குள்ளே ஓட்டை இருக்கிறது. மூன்று மடைகளையும் திறந்து நீரைக் குறைக்க வேண்டும்."

நெல் பால் பிடிக்கும் நேரம். நீரைத் திறந்துவிட மனம் யாருக்கு வரும்? ஒரு பெரியவர் கேட்டார்: "சேந்தா, உன் குரலே இப்படி நடுங்குகிறதே. உனக்கே உறுதியாகத் தெரியவில்லை போலிருக்கிறதே?"

விடங்கர் எழுந்தார். "நம் முன்னோர் கட்டிய கரை. அது நம்மைக் கைவிடாது," என்றார். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

பத்து நாள் கழித்து, கரையின் வெளிப்பக்கத்தில் ஊறிய நீரைச் சேந்தன் ஒரு குடத்தில் கொண்டுவந்தான். நீர் செம்மண்ணாகக் கலங்கியிருந்தது. "தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. மண்ணோடு வருகிறது. கரை உள்ளே கரைகிறது," என்றான். சொல்வதற்குள் நான்கு முறை இருமினான். சிலர் சிரித்தார்கள்.

விடங்கர் குடத்தை எட்டிப் பார்த்தார். "மழைக்காலத்தில் எந்த நீர் கலங்காமல் இருக்கும்?" என்றார். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் முறை சேந்தன் சபைக்குப் போகவில்லை. மனைவி நங்கையைக் கிழக்கே இருந்த குன்றின் மேல் விட்டுவிட்டு, நேராக விடங்கரிடம் போனான். அவர் கையைப் பிடித்துக் கரையடிக்கு அழைத்துப் போய், ஊற்று கொப்பளிக்கும் இடத்தில் அந்தக் கையை வைத்தான். கைக்கு அடியில் மண் அசைவதை விடங்கர் உணர்ந்தார். முகம் வெளுத்தது.

"இனி மடையைத் திறந்தும் பயனில்லை ஐயா. ஊரைக் காலி செய்ய வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்."

விடங்கர் அன்று காலையே சபையைக் கூட்டினார். சபை கூடுகிறது என்று கேட்டு, குன்றில் இருந்த நங்கையும் இறங்கி வந்தாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "நான் தவறு செய்தேன். சேந்தன் சொன்னது உண்மை. கரை உடையப் போகிறது. இப்போதே குன்றுக்குப் போங்கள்," என்றார்.

ஆனால் அந்தக் குரல் நடுங்கவில்லை. அதற்கு நடுங்கத் தெரியாது. ஏழு ஆண்டுகளாக ஆறுதல் சொன்ன குரல், அழிவையும் ஆறுதலைப் போலவே சொன்னது. கேட்டவர்களின் மனம் குளிர்ந்தது. "எவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறார். இவர் இருக்கும்போது நமக்கென்ன?" என்றார்கள். சிலர் மூட்டை கட்டினார்கள். பலர், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அடுப்பை மூட்டினார்கள்.

சேந்தன் தெருத்தெருவாக ஓடிக் கத்தினான். கத்தியது யாருக்கும் புரியவில்லை.

நங்கையும் வீட்டுக்குத்தான் போயிருந்தாள். அவன் வாசலில் வந்து நின்றபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவர் பேசியதைக் கேட்டதும் எனக்குப் பயமே போய்விட்டது. உலை கொதித்ததும் வருகிறேன், நீங்கள் மற்றவர்களைப் பாருங்கள்," என்றாள்.

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஏரி வந்துவிட்டது.

சேந்தனுக்கு நீந்தத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் கை அவன் கையிலிருந்து நழுவியது.

எட்டாம் நாள், பிழைத்தவர்கள் குன்றின் மேல் சபை கூடினார்கள். ஊரில் பாதிப் பேர் இல்லை. புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடங்கர் எழுந்தார்.

"நான் இதற்குத் தகுதியற்றவன். இறந்தவர்கள் என்னை நம்பி இறந்தார்கள். சேந்தனைத் தலைவனாக்குங்கள்," என்றார். அதை உண்மையாகவே சொன்னார்.

கேட்டவர்கள் விம்மி அழுதார்கள். "இப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்? இவரை விட்டால் நமக்கு யார்?" என்றார்கள். ஒவ்வொருவராக விடங்கருக்காகக் கை உயர்த்தினார்கள்.

சேந்தன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நங்கை போன நாளிலிருந்து நெஞ்சில் இருந்த கனம், அந்தக் குரலைக் கேட்டபோது முதல் முறையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. தன் கையும் பாதி உயர்ந்து நிற்பதை அவன் அப்போதுதான் கண்டான்.

சொல்லை விட்டுவிட்டுக் குரலை நம்பப் பழகியவர்களை, அந்தக் குரலே உண்மையைச் சொன்னாலும் காப்பாற்ற முடியாது.