இஞ்சினுக்குப் பார்த்த வரன்

கோயமுத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம், ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் ஓர் இஞ்சின் இருந்தது. மோட்டார் சைக்கிள் இஞ்சின். ஒற்றை சிலிண்டர், கனத்த உடம்பு, நல்ல மூச்சு. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் உருக்குப் பட்டறைக்குப் போகக் காத்துக் கிடந்ததை, நவநீதன் என்பவன் பார்த்து வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தான். நவநீதனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தன் கையாலேயே ஒரு பைக் கட்டி ஓட்டிவிட வேண்டும் என்பது அவனைப் பிடித்திருந்த பித்து.

இஞ்சினுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். இருக்காதா பின்னே? சாகக் கிடந்ததைப் பிழைக்க வைத்தவன் அல்லவா! துருவைச் சுரண்டினான். புதுப் பிஸ்டன் போட்டான். நல்ல எண்ணெய் ஊற்றினான். ‘இவனை நடுரோட்டுல நிறுத்தவே மாட்டேன்’ என்று இஞ்சின் தனக்குள் சத்தியம் செய்துகொண்டது. உயிரோடு இருக்க வேண்டும், ஓட வேண்டும். அதற்கு வேறு ஆசை கிடையாது.

வண்டியின் மற்ற பாகமெல்லாம் கட்டி முடிந்து, கார்புரேட்டர் பார்க்கிற நாள் வந்தது. வந்தது வினை.

கார்புரேட்டர் என்றால் மலைக்க வேண்டாம். காற்றையும் பெட்ரோலையும் பக்குவமாகக் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற கை, அவ்வளவுதான். சோறு பிசைந்து ஊட்டுகிற கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கை சரியில்லை என்றால் இஞ்சினுக்கு ஆயுசு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நவநீதனின் சிநேகிதர்கள் வந்து இறங்கினார்கள். மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கார்புரேட்டர்களை வரிசையாக உட்கார வைத்தான் நவநீதன். அவன் மனைவி பூங்கோதை பஜ்ஜியும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தம் பேசுகிற வீடு தோற்றது, போங்கள்!

ஓர் ஓரத்தில் இஞ்சினோடு பிறந்த பழைய கார்புரேட்டர் இருந்தது. கறுத்த உடம்பு, கட்டை விரல் நுழைகிற வாய். நட்ட நடுவில் ஒரு புதியது. வெளிநாட்டுச் சரக்கு, வெள்ளிக் கிண்ணம்போல மினுமினுப்பு. அதன் வாயில் ஒரு எலுமிச்சம்பழமே போகும்.

“பார்றா பங்காளி, என்ன வாயி, என்ன வாயி!” என்று கைதட்டினான் மௌலி. அந்தக் கூட்டத்தில் நிறையப் பேசுகிறவன் அவன்தான்.

“போட்டோல அள்ளும்டா!” என்றான் இன்னொருவன்.

“பழசு அசிங்கமா இருக்கு. தூக்கி எறி” என்றான் மூன்றாமவன்.

இஞ்சின் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தது. யாராவது தன் பக்கம் திரும்புவார்கள் என்று காத்திருந்தது. ஒரு பயலும் திரும்பவில்லை.

“அட பாவிகளா, திங்கப் போறது நான்!” என்று அது கத்தியது. “பொண்ணு பார்க்க வர்றவங்ககூட, ஒப்புக்காச்சும் புடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேப்பாங்களே! விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணாமா? எனக்கு எதுக்குடா இத்தா பெரிய வாயி?”

இஞ்சின் பேசுவது மனிதர் காதில் விழுமா? பஜ்ஜி தீர்ந்தது. பெரிய கார்புரேட்டர் என்று முடிவாயிற்று. பழையதை ஒரு துணியில் சுற்றி மேஜைக்கு அடியில் போட்டார்கள்.

“கோவப்படாத” என்றது அது அடியிலிருந்து. “அவன் நல்லவன். தப்புன்னு தெரிஞ்சா என்னைத் தேடி எடுப்பான்.”

“தெரியணுமே!”

“நான் எதுக்கு இருக்கேன்?” என்று கேட்டது இஞ்சினின் தலையில் உட்கார்ந்திருந்த பிளக். நெருப்புப் பொறி வைக்கிற பிளக் அது. “நான்தானே உன் நாக்கு. வேளைக்குச் சோறு கிடைச்சா நான் காபித்தூள் நிறத்துல இருப்பேன். அளவு மிஞ்சினா கரியாட்டம் ஆவேன். நீ பட்டினின்னா வெளுத்துப் போவேன். என்னைக் கழட்டிப் பார்த்தா உன் வயித்து நிலவரம் அப்படியே தெரிஞ்சு போகும். பைக் கட்டறவனுக்கு இதுகூடவா தெரியாது?”

இஞ்சினுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பெரிய கார்புரேட்டரை மாட்டி உதைத்தார்கள். இஞ்சின் ஒரு மூச்சு இழுத்தது. வெறும் காற்று புசுபுசுவென்று உள்ளே வந்தது, பெட்ரோலைக் காணோம். திணறியது. விக்கியது. அணைந்தது.

“ஏண்டா, ஊட்டுடா!” என்று கார்புரேட்டர்மேல் பாய்ந்தது இஞ்சின்.

“எப்படி ஊட்டறது?” என்றது பெரியது, கூச்சத்தோடு. “சின்ன வாயா இருந்தா நீ இழுக்கற வேகத்துல பெட்ரோல் தானா எந்திரிச்சு வரும். என் வாயி அகலம். காத்து நிதானமாப் போகுது, பெட்ரோல் அசையவே மாட்டேங்குது. நான் உன்னைவிட மூணு பங்கு பெரிய இஞ்சினுக்குப் பொறந்தவன்.”

“அப்புறம் எதுக்குடா இங்க வந்த?”

“நானா வந்தேன்? தூக்கிட்டு வந்தாங்க. என்னையும்தான் யாரு கேட்டா?”

வெளியே மௌலி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். “பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது பங்காளி. அதான் முக்குது. பெட்ரோல் வர்ற ஓட்டையைச் சின்னதாப் போட்டுரு.”

பட்டினி கிடப்பவனைப் பார்த்து, அஜீரணம் என்று வைத்தியம் சொன்ன கதை! நவநீதன் அந்த ஓட்டை இருந்த பித்தளைத் திருகைக் கழற்றிவிட்டு, இன்னும் சின்ன ஓட்டை உள்ளதைப் போட்டான். கார்புரேட்டரின் பின்னால் காற்றை வடிகட்டுகிற கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அது அழகைக் கெடுக்கிறதென்று அதையும் பிடுங்கி எறிந்தான். இப்போது காற்று இன்னும் அதிகம், பெட்ரோல் இன்னும் குறைவு. எப்படியோ நாலு தரம் உதைத்து, கைப்பிடியை முறுக்கிப் பிடித்து, இஞ்சினை ஓட வைத்துவிட்டான்.

ஓடியது. பசியோடு ஓடியது. கைப்பிடியை விடும்போதெல்லாம் சைலன்சர் வழியாகப் பட், பட், படார் என்று வெடித்தது. அது இஞ்சினின் அலறல்.

“அட்றா சக்கை! பட்டாசுடா!” என்று குதித்தார்கள் எல்லோரும். “இன்னொருக்கா விடு, இன்னொருக்கா!” என்று செல்போனைத் தூக்கினார்கள்.

இஞ்சினுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. “அழுத புள்ளைக்குப் பாலும்பாங்களே! இங்க அழுதா வீடியோ எடுக்கறாங்களே!”

சில நாளில் சைலன்சர் குழாய் சூட்டில் வெந்து நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியது. தீக்காயம் அது. “மயில் கழுத்துக் கலர்டா!” என்று தடவிப் பார்த்தான் மௌலி. குழாய் வலியில் சுருங்கியது.

“பொறு” என்றது பிளக். “இன்னிக்கு என்னைக் கழட்டறான். நான் சுண்ணாம்பாட்டம் வெளுத்து நிக்கறேன். இதுக்குமேல எப்படிச் சொல்றது? இனி அவனுக்குப் புரிஞ்சிரும்.”

நவநீதன் கழற்றினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“பூவு! இங்க வா, பாரு! எவ்வளவு சுத்தமா எரியுது பார்த்தியா? துளி கரி இல்ல!”

பூங்கோதை வந்து பார்த்தாள். “சுத்தமாங்க? தண்ணி வத்திக் காஞ்ச பாத்திரமாட்டம்ல இருக்குது?”

“உனக்கு என்ன தெரியும், போ” என்று சிரித்தான் அவன்.

பிளக் சோர்ந்து போனது. உண்மையை எழுதிக் காட்டினால் எழுத்து அழகாக இருக்கிறது என்கிறவனிடம் யார் என்ன பேச முடியும்?  இஞ்சினுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

குன்னூர் மலைக்குப் போவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். முன்னால் சிநேகிதர்களின் வண்டிகள். பின்னால் நவநீதன், அவன் முதுகுக்குப் பின்னே பூங்கோதை. மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இஞ்சினுக்குள் அடுப்பு எரியத் தொடங்கியது. பிஸ்டனின் தலை பழுக்கக் காய்ந்தது. உள்ளே டக்கு டக்கு என்று தட்டியது. பிஸ்டன் கதவைத் தட்டிக் கெஞ்சிய சத்தம் அது.

“ஏனுங்க” என்றாள் பூங்கோதை. “கால்ல அனலா அடிக்குதுங்க. சத்தமும் வேற மாதிரி கேக்குது. சித்த நிறுத்துங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. பேசாம உக்காரு புள்ள.”

“நிறுத்துங்கங்கறேன்!”

“எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. சும்மா நொய் நொய்னு...”

இஞ்சின் கேட்டுக்கொண்டே ஏறியது. ‘இவளையும் கேக்க மாட்டானா இவன்!’ என்று அதற்குப் பொங்கியது. அந்த நிமிஷமே இறுகி நின்றுவிடலாம். செய்த கொடுமைக்குத் தகும். ஆனால் தான் இறுகினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், பின்னால் இருப்பவள் பள்ளத்தில் விழுவாள். பாவம், ஷெட்டுக்கு வந்த அத்தனை பேரிலும் தன் நிலைமையை அறிந்தவள் அவள் ஒருத்தி. இஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற எண்ணெயையெல்லாம் பிஸ்டன்மேல் பூசிக்கொண்டு, ஒவ்வொரு வளைவாக ஏறியது.

பர்லியாறு வந்தது. பழக்கடைகளுக்கு முன்னால் கூட்டத்துக்காக வேகத்தைக் குறைத்தான். பூங்கோதை சட்டென்று இறங்கிவிட்டாள்.

“நான் பஸ்ல வர்றேன்.”

“ஏய், ஊரு பார்க்குது, ஏறு.”

“பார்க்கட்டும். கத்தறதைக் கேக்காதவன் ஓட்டற வண்டியில நான் ஏற மாட்டேன்” என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நவநீதனுக்கு முகம் சிவந்தது. அந்தக் கோபத்தையெல்லாம் கைப்பிடியில் காட்டி ஒரே முறுக்காக முறுக்கினான். வண்டி பாய்ந்து வெளியேறியது.

“இப்ப சரி” என்றது இஞ்சின். “இப்ப நீயும் நானும் மட்டும்தான்டா.”

“வேணாம், பொறுத்துக்க” என்று அழுதது பிளக்.

“இதுக்குமேலயா? உயிர் குடுத்தவனாச்சேன்னு பொறுத்தேன். சோறு போடுன்னு கத்தினேன், கை தட்டினான். வெந்தேன், கலர்னான். வெளுத்தேன், சுத்தம்னான். இனி நான் என்னதான் செய்யறது?”

பிஸ்டனின் தலை மெழுகாக உருகியது. உருகியது சிலிண்டரோடு ஒட்டியது. சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி சர்ரென்று இழுத்துக்கொண்டு போய் ஓரத்து மண்மேட்டில் சாய்ந்தது. நவநீதனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவன் எழுந்தான். புகைந்துகொண்டிருந்த இஞ்சினைப் பார்த்தான். பூட்ஸ் காலால் ஓங்கி ஒரு உதை விட்டான்.

“மோசம் பண்ணிட்டியேடா! உன்னைக் குப்பையிலிருந்து எடுத்தேனே!”

இஞ்சினுக்கு அதற்குப் பதில் இருந்தது. சொல்லத்தான் மூச்சில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஷெட்டில் கூட்டம். பஜ்ஜி மட்டும் கடையிலிருந்து வந்தது. பூங்கோதை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“இஞ்சின் சரியில்ல பங்காளி” என்றான் மௌலி. “இவ்வளவு நல்ல கார்புரேட்டருக்கு அது தாங்கல.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! எல்லோரும் தலையாட்டினார்கள். வேறொரு இஞ்சின் வந்து இறங்கியது. அதே அளவு, அதே ஒற்றை சிலிண்டர், புதுப் பெயின்ட். பழைய இஞ்சினைத் தூக்கி மேஜைக்கு அடியில் தள்ளினார்கள். துணிமூட்டைக்குள்ளிருந்து சின்னக் கார்புரேட்டர் மெல்ல நகர்ந்து இடம் கொடுத்தது. 

நவநீதன் பெரிய கார்புரேட்டரை மஞ்சள் துணியால் துடைத்தான். புது இஞ்சின் அதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தது. “எனக்கா? எவ்வளவு அழகு!”

“வேணாம்னு சொல்லு!” என்று அடியிலிருந்து கத்தப் பார்த்தது பழையது. இறுகிய பிஸ்டனிலிருந்து சத்தம் எங்கே வரும்?

கடைசியாக நவநீதன் பழைய பிளக்கைக் கையில் எடுத்தான். வெள்ளை வெளேரென்று இருந்த அதன்மேல், வெள்ளிப் பொட்டுகள் சின்னச் சின்னதாக மின்னின. பிஸ்டன் உருகித் தெறித்த துளிகள் அவை. செத்த இஞ்சினின் சதை.

“இங்க பாருங்கடா, எப்படி மினுக்குது! இதை எதுக்கு மாத்தணும்?” என்று அதைப் புது இஞ்சினின் தலையில் முறுக்கினான்.

உதைத்தான். புது இஞ்சின் மூச்சு இழுத்தது, விக்கியது, சைலன்சர் வழியே படார் என்று முதல் அலறலை அலறியது.

ஷெட்டில் எல்லோரும் கை தட்டினார்கள்.