மேற்குச் சுவரைத் தின்ற கறையான்கள்

மரமும் பூச்சியும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கறையான்களுக்குக் கண் இருந்தது. மேனி நாவற்பழம் போலக் கருகருவென்று மின்னும். பட்டப்பகலில் வரிசையாக நடந்து, எதிரே வருகிறவர்களை எல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு போகும்.

அப்போது ஒரு மலைச்சரிவில் நாச்சாளும் அவள் புருஷன் செங்கோடனும் குடியிருந்தார்கள். அங்கே மழை மேற்கிலிருந்து சாய்த்து அடிக்கும். வெறும் மண்சுவர் ஒரு பருவம்கூடத் தாங்காது என்பதால், சுற்றிலும் வெளிப்பக்கம் பலகை அடித்திருந்தார்கள். மழைக்கு முன்பே அந்தப் பலகைகளுக்குப் புங்கெண்ணெய் பூசிவிட வேண்டும். வருஷா வருஷம் நாச்சாள்தான் பூசினாள். செங்கோடனைக் கேட்டால், "நாளைக்கு" என்பான்.

அந்த வருஷம் அவள் தங்கைக்குப் பிரசவம். ஊருக்குப் புறப்படும்போது இரண்டு பானை எண்ணெயைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க, நல்லாக் கேட்டுக்குங்க. மழை அடிக்கிற மேக்குப் பக்கம் முதல்ல பூசுங்க. பலகை காஞ்சிருக்கோணும். விறகைச் சுவரோட சேத்து அடுக்கிடாதீங்க. விதைக்கு வெச்ச சாமை உள்ளே அந்தச் சுவரோரந்தான் இருக்குது."

"எத்தனை தடவை சொல்லுவே? நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா ஒருக்காச் சொன்னாப் போதுமுங்க!"

அவள் போனதும் செங்கோடன் பானைகளை ஓரமாகத் தள்ளிவைத்தான். நாட்கள் ஓடின. அவள் திரும்பி வருவதற்கு முதல்நாள்தான் நினைவு வந்தது. அவசர அவசரமாக, பாதையிலிருந்து பார்த்தால் தெரியும் முன்சுவருக்கு மட்டும் எண்ணெய் பூசினான். அதற்குள் கை வலித்தது. மேற்குச் சுவரை மறைக்க விறகை அதன்மேல் சாய்த்து அடுக்கினான். மிச்சமிருந்த பானையை விறகுக்கு அடியில் ஒளித்துவைத்தான்.

"செங்கோடா, எங்களுக்கு?" என்று மேற்குப் பலகைகள் கேட்டன.

"நாளைக்கு."

விறகில் இருந்த கறையான்கள் சுவரை எட்டிப் பார்த்தன. விழுந்த மரம் கறையானுக்கு, நிற்கும் சுவர் மனிதருக்கு என்று நாச்சாளுக்கு அவை வாக்குக் கொடுத்திருந்தன.

"எண்ணெய் வாடையே இல்லையே. யாருக்கும் வேண்டாத பலகை போலிருக்கு" என்றது ஒன்று. மற்றவை மறுக்கவில்லை. உள்ளே நுழைந்தன.

நாச்சாள் வந்தாள். பளபளத்த முன்சுவரைப் பார்த்து, "பரவாயில்லையே!" என்று புருஷனுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். அவன் இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றான். மேற்குப் பக்கம் அவள் போய்ப் பார்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேற்குப் பலகைகள் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தன. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. தினமும் காலையில் கறையான்கள் வாசலில் வந்து, "நாச்சா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போயின.

"சௌக்கியந்தான்" என்றாள் அவளும்.

பத்தாம் நாள் காலையில் மேற்குச் சுவர் அப்படியே சரிந்தது. விதைச்சாமை முழுவதும் சேற்றோடு போனது. சிதறிய விறகுக்கு நடுவே எண்ணெய்ப் பானை நிரம்பியபடியே இருந்தது.

"நாளைக்குப் பூசலாம்னு..." என்று இழுத்தான் செங்கோடன்.

"அந்த நாளை எப்பத்தானுங்க வரும்? இனி எதை விதைக்கிறது? எதைத் திங்கிறது?"

அப்போது இடிந்த பலகைகளுக்குள்ளிருந்து கறையான்கள் வெளியே வந்தன. பழக்க தோஷத்தில், "நாச்சா, சௌக்கியமா?" என்றன.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. பானையைத் தூக்கி அவற்றின்மேல் அப்படியே கவிழ்த்தாள்.

"தினமும் என் மூஞ்சியப் பாத்துக் குசலம் கேட்டுட்டு, உள்ளே போய் என் வீட்டையே தின்னீங்களா! இனி நீங்க எவர் மூஞ்சியையும் பாக்க வேண்டாம்!"

எண்ணெய் பட்டதும் அவற்றின் கண்கள் அவிந்தன. கருப்பு நிறம் வழிந்தோடி, மேனி வடித்த சோறு போல வெளுத்தது. வெயில் பட்டால் எரிந்தது; அவள் குரல் கேட்டால் கூசியது. தடவித் தடவிப் போய் மண்ணுக்குள் புகுந்தன.

செங்கோடன் மூன்று மலை ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி விதை வாங்கிவந்தான். அடுத்த கோடையில் யாரும் சொல்லாமலே எண்ணெயோடு மேற்குச் சுவருக்குப் போனான். நாச்சாள் பின்னாலேயே நின்றாள்.

"அந்த மூலை விட்டுப்போச்சுங்க."

அவன் உடனே அந்த மூலையையும் பூசினான்.

கறையான் கண்ணில்லாமல் வெளுத்துக் கிடப்பதும், எங்கே போனாலும் மண்ணால் கூரை போட்டு அதற்குள்ளேயே ஊர்வதும், எண்ணெய் வாடைக்கு விலகிப்போவதும், பலகை வீட்டுக்காரர்கள் மழை அடிக்கும் பக்கத்தை முதலில் பூசுவதும் அன்றைக்குத் தொடங்கியவைதான்.