முறுக்குக்கு விரித்த தேரி மணல்

தேரி என்கிற செம்மணல் காடு முடிந்து ஊர் தொடங்குகிற இடத்தில் சுயம்பு சாமியின் மடம் இருந்தது. சாமிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய சீடர் தங்கப்பழம் அறுபதை நெருங்கியவர், கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அதனால் அந்த மடத்தில் குருதான் சீடரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார்.

ஒரு நாள் தங்கப்பழம் ஒரு கண்ணாடிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு முழ நீளத்தில் ஓர் ஓணான். உடம்பெல்லாம் முள். கழுத்தடியில் தாடி மாதிரி ஒரு தொங்கல்.

சாமி குனிந்து பார்த்தார். "நம்ம காட்டுல இல்லாத ஓணானா அண்ணாச்சி? கண்ணாடி போட்டுல்லா கொண்டு வாரீய!"

"சிரிக்காதீய சாமி. இது ஆஸ்திரேலியா ஓணான். எம் மவ கனி வளக்கது. பேரு முறுக்கு."

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அப்பாவும் அவளும் பேசியதில்லை. இப்போது அவள் புருஷனோடு சில மாதம் வெளிநாட்டுக்குப் போகிறாள். போகும்போது வாசலில் வந்து நின்று, "இத பாத்துக்கிடுவீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கேட்ட ஒரே காரியம் அதுதான். தங்கப்பழம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இதுக்கு அடியில என்ன விரிக்கன்னுதான் கொழப்பம் சாமி. மவ வெறும் வெள்ளைத் தாளு போட்டிருந்தா. பாக்கப் பாவமா இருந்துச்சு. மீன் தொட்டிக் கடைக்காரன் கூழாங்கல்லுங்கான். செடி விக்கவன் தேங்காநாரு தூளுங்கான். எங் கடையில நிக்க சொர்ணம் வெல்வெட்டுங்கா. அதையும் போட்டேன். நகம் மாட்டிக்கிட்டு ஒத்தக் காலத் தூக்கிட்டே நின்னுச்சு."

"மவகிட்டயே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா, 'இது கூடத் தெரியாதாப்பா'ம்பா."

சாமி பெட்டியையே பார்த்தார். முறுக்கு சாமியையே பார்த்தது.

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. அது சாப்பிடும்போது பக்கத்துல இருந்து பாருங்க."

தங்கப்பழத்துக்கு இது பதிலா, பதில் இல்லையா என்று புரியவில்லை. விரிக்கிறதைக் கேட்டால் சாப்பிடுகிறதைப் பார்க்கச் சொல்கிறாரே என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அன்றைக்குச் செல்போனில் அந்த ஓணானின் ஊர்ப் படம் ஒன்றைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டின மட்டும் சிவப்பு. பார்த்தவுடன் எழுந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற தேரியும் அதே சிவப்புதானே! ஒரு சாக்கு மணல் அள்ளி வந்து சல்லடையில் சலித்து, கல் குச்சி இல்லாமல் பெட்டிக்குள் மெத்தை மாதிரிப் பரப்பினார். முறுக்கு அதன்மேல் ஏறி நின்று தலையை உயர்த்தியது. அப்படியே படத்தில் இருந்த மாதிரி இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குத் தீனியாகத் தவிட்டில் வளர்த்த புழுக்களை மணல்மேல் போட்டுவிட்டு, சாமி சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் மடத்துக்கு ஓடினார்.

"என்னமா சாப்பிடுது சாமி! நாக்கு போறதும் தெரியல, வாரதும் தெரியல."

"வேற என்ன பாத்தீய?"

"புழு மணலுக்குள்ள புகுந்தாலும் விட மாட்டேங்கு. ஒண்ணு தப்பல."

"வேற?"

"வேற என்னத்தப் பாக்கணும்?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா அண்ணாச்சி?"

தங்கப்பழம் வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பினார்.

கொஞ்ச நாளில் முறுக்கு சாப்பிடுவதை நிறுத்தியது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, "கல்லாட்டம் இருக்கு. வெளிக்குப் போகல. வெதுவெதுன்னு தண்ணியில உக்கார வையுங்க. இந்த மாதிரி ஒரு சீவன நான் பாத்ததே இல்ல," என்று கையை விரித்தார். தண்ணீரில் உட்கார வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

மகள் போன் பண்ணினாள். "முறுக்கு நல்லாருக்காப்பா?"

"நல்லாருக்கும்மா," என்றார் தங்கப்பழம். வைத்துவிட்டு முத்தாரம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை மண் சோறு தின்பதாக நேர்ந்துகொண்டார். இலை கிடையாது, தட்டு கிடையாது. தரையில் சோற்றைக் கொட்டுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் எடுத்துத் தின்ன வேண்டும். அந்தக் கோயில் முற்றமோ முழுக்க மணல்.

"பேரப்பிள்ளைக்கா அண்ணாச்சி நேத்தி?" என்று கேட்டபடி பூசாரி அவர் கையைக் கட்டினார்.

"ஓணானுக்கு."

பூசாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தங்கப்பழம் மண்டியிட்டுக் குனிந்தார். இரண்டு வாய் எடுத்தார். மூன்றாவது வாயைத் துப்பினார். நிமிர்ந்தபோது எதிரே சுயம்பு சாமி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் துப்புதீய அண்ணாச்சி?"

"மண்ணு சாமி. பல்லுல நறநறங்குது."

"அம்மன் வாசல் மண்ணுதான? முழுங்குங்க."

"ஒரு வாய், ரெண்டு வாய் முழுங்கலாம். இவ்வளவும் உள்ள போனா வயிறு என்னத்துக்கு ஆவும்? கல்லாட்டம்..."

அவர் வாய் அப்படியே நின்றது. தாடியில் சோறும் மணலும் ஒட்டியிருந்தன.

"அதோட ஊரே மணல்தான சாமி," என்றார் தங்கப்பழம், கெஞ்சுகிற மாதிரி. "படத்துல பாத்தேனே."

"நம்ம ஊரும் மணல்தான். நீங்க வீட்டுல எதுல சாப்பிடுதீய?"

"தட்டுல."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நேத்திக்கடன் சாமி. இந்த ஒரு வேளைதான்."

சாமி எழுந்து பின்பக்கம் வந்து அவருடைய கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்.

"முறுக்கு எந்த அம்மனுக்கு நேந்துக்கிட்டு அண்ணாச்சி தெனமும் மண்ணோட தின்னுச்சு?"