மயில் இல்லாத சால்வை

குன்னூரில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு கூடம் உண்டு. சனிக்கிழமைகளில் ஜெசிந்தா அங்கே கம்பளிப் பின்னல் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஆண் என்று பார்த்தால் மாசிலாமணி ஒருவர்தான். தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்.

முதல் நாள் அவர் கதவோரமாகவே நின்றார். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"யாருக்குண்ணே பின்னணும்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"வீட்டுக்காரிக்கு."

அவர் மனைவி தெய்வானைக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவளுக்கு உடம்பெல்லாம் குளிரெடுத்துவிடும். அங்கே கொடுக்கிற போர்வை கனம். நெஞ்சை அழுத்துகிறது என்று தள்ளிவிடுவாள். மெல்லிய துணியோ போதாது. முடிகிற வரைக்கும் நடுங்கிக்கொண்டு, கண்ணை மூடாமல், சுவரையே பார்த்துக் கிடப்பாள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மாசிலாமணியால் அதைப் பார்க்க முடிவதில்லை.

நூலைத் தெய்வானையே தேர்ந்தெடுத்தாள். கடைத்தெருவில் ஒவ்வொரு உருண்டையாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறத்தில், பூனைக்குட்டி மாதிரி மயிர் மயிராக இருந்த ஒன்றை வைத்ததும் சிரித்தாள். கடையில் அந்த நிறத்தில் ஏழெட்டு உருண்டைதான் இருந்தன. எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள்.

ஒரு மாதத்தில் மாசிலாமணிக்குக் கை ஓரளவு பழகியது. அடுத்த சனிக்கிழமை கூடத்திலிருந்த டிசைன் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். தோகை விரித்த மயில். இறகுக்கு இறகு ஓட்டை விட்டுப் பின்னிய சால்வை.

"இதத்தான் போடப் போறேன், டீச்சர்."

ஜெசிந்தா படத்தைப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள்.

"ஏன் இது?"

"கல்யாணம் ஆனதுலேருந்து அவளுக்குன்னு பெருசா எதுவும் செஞ்சதில்ல. வார்டுல நாலு பேரு திரும்பிப் பாக்கணும்."

"சரி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு போட்டுப் பாருங்க."

அவர் துண்டு போடவில்லை. சால்வையையே தொடங்கினார். மூன்றாவது வரிசையில் கண்ணி ஒன்று நழுவியது. பிரித்தார். மறுபடி தொடங்கினார். மறுபடி எங்கோ ஒரு கண்ணி கூடிப்போனது. சாதாரண நூலாக இருந்தால் இழுத்ததும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். இது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தால் அறுந்தது. கத்தரித்து எறியவேண்டியிருந்தது. ஸ்பானர் பிடித்துக் காய்த்த விரல் வேறு, தொட்ட இடமெல்லாம் நூலின் மயிரைப் பிடித்து இழுத்தது.

தெய்வானை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "நூலு கொறஞ்சிட்டே வருதுங்க" என்றாள்.

அன்றிரவு அவர் ஊசியைத் தொடவில்லை.

சனிக்கிழமை, பையை ஜெசிந்தாவின் மடியிலேயே வைத்தார்.

"எனக்கு வராது போலருக்கு, டீச்சர். மிச்சம் இருக்கறதயாவது நீங்க பின்னிக் குடுத்துடுங்க. அதே மயிலு."

அவள் பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிலிருந்து கொஞ்சம் நூலை எடுத்து ஊசியில் ஏற்றினாள். அவர் எதிரிலேயே ஒரே ஒரு இறகைப் பின்னினாள். அவள் கை ஒரு கண்ணியையும் தவறவிடவில்லை. பிறகு தன் பெட்டியிலிருந்து வழவழப்பான வெள்ளை நூலில் முன்பே பின்னிய அதே இறகை எடுத்தாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

வெள்ளையில் இறகின் காம்பு, கண், விளிம்பு எல்லாம் தெரிந்தன. கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை. மயிர் எழும்பி ஓட்டைகளை மூடியிருந்தது. விடியற்காலை மூடுபனி இறங்கிய தோட்டம் போல இருந்தது.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நீங்க போட்டும் தெரியலையே."

"ஆமாண்ணே."

"அப்ப தப்பு நூலா வாங்கிட்டோமா?"

ஜெசிந்தா அந்தத் துண்டை எடுத்து அவர் கன்னத்தில் வைத்தாள். அவர் விலகவில்லை.

"அக்காவுக்கு முடியாமப் போனதுலேருந்து வீட்டுல யாரு சமைக்கறது?" என்று கேட்டாள்.

"நாந்தான்."

"மொதல்ல என்ன செஞ்சீங்க?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "பிரியாணி. அடி பிடிச்சுருச்சு. அவ ஒரு வாய் வச்சிட்டு நல்லாருக்குன்னா."

"இப்ப?"

"கஞ்சி. உப்பு கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அளவா வச்சு, கொஞ்சம் வெதுவெதுப்பாக் குடுப்பேன். முழுசா குடிச்சிருவா."

ஜெசிந்தா தலையாட்டினாள். பேச்சை மாற்றுகிறவள் போல, "அக்காவுக்கு எந்தக் கையில ஊசி குத்துவாங்க?" என்றாள்.

"எடது கை. அத அசைக்கவே கூடாது. குழாயெல்லாம் அந்தப் பக்கந்தான்."

"ம்."

பையை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து, அடுத்த பெஞ்சில் கண்ணி விட்ட பெண்ணிடம் போய்விட்டாள்.

மாசிலாமணி நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் போகிற பக்கம் ஓட்டை ஓட்டையாக எதுவும் இருக்கக் கூடாது, குழாயிலுள்ள க்ளிப் மாட்டிக்கொள்ளும். இடது தோள் திறந்திருக்க வேண்டும். வலது தோளிலிருந்து மார்பைச் சுற்றி மடியில் விழுந்தால் போதும். அதற்கு அகலம் வேண்டாம், நீளம்தான் வேண்டும். அகலம் இல்லையென்றால் இருக்கிற நூலே போதும்.

புத்தகத்தை மூடி வைத்தார். பெட்டியிலிருந்த ஊசிகளில் ஆகத் தடித்த ஜோடியை எடுத்தார். கண்ணி பெரிதாக விழுந்தால் சால்வை கனக்காது. போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது ஒரு வரிசை, அதே பின்னல். அவருக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஜெசிந்தா தூரத்திலிருந்து பார்த்தாள். அருகில் வரவில்லை.

வீட்டில் தெய்வானை நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டாள், அவர் பின்னினார். விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டுதான் ஊசியைத் தொட வேண்டும் என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். பின்னிக்கொண்டே பேசினார்கள். அப்படிப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

சால்வை முடிந்த வாரம் மாசிலாமணி வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஜெசிந்தா ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டயாலிசிஸ் வார்டில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலோரக் கட்டிலில் தெய்வானை. இடது கை தலையணைமேல் நீட்டிக் கிடந்தது. வலது தோளிலிருந்து சுற்றி வந்து மடியில் விழுந்திருந்தது கத்தரிப்பூ நிறம். அதன் நுனி அவள் கன்னத்துக்கடியில் இருந்தது.

மாசிலாமணி ஸ்டூலிலிருந்து எழுந்தார். டீச்சரைக் கண்டதும் அவருக்குச் சால்வையின் குறைகள்தான் கண்ணில் பட்டன. ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க. நடுவுல ஒரு கண்ணி விட்டிருக்கேன், முடிச்சப்புறந்தான் தெரிஞ்சுது. இந்த ஓரமும் நேரா வரல. அதான் உங்க முன்னால வரவே ஒரு மாதிரியா இருந்துச்சு."

ஜெசிந்தா பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும், டீச்சர்" என்றார். அவர் குரல் உயர்ந்தது. "இன்னும் ரெண்டு வருஷம் கத்துக்கிட்டு, வேற நூலு வாங்கி, அந்த மயிலயே போட்டிருந்தா இதவிட நல்லாருந்திருக்குமில்ல?"

ஜெசிந்தா கட்டிலைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. அக்கா தூங்கறாங்க."