தீட்டு பிறந்த நாள்

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றைக்கோட்டை நாட்டைச் சிங்கபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு எழுந்தால் வேறொன்று சொல்வார். அப்படிப்பட்ட ராஜா.

அந்த நாட்டில் மூன்று வருஷம் மழை இல்லை. அரசவைப் பண்டிதர் கனகசபை நாற்பது நாள் யாகம் வளர்த்தார். நெய் தீர்ந்ததே தவிர மேகம் வரவில்லை. கடைசியில், ஊருக்கு வெளியே குடியிருந்த பூவாத்தாளும் அவள் சனமும் அரண்மனை வாசலில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். பாறை சரிந்து அவள் தம்பி செத்தான். அழுதுகொண்டே வெட்டினாள். எழுபது முழத்தில் ஊற்று பீறிட்டது.

"யாகத்தால் ஆகாததை மண்வெட்டி செய்துவிட்டதே" என்று ராஜா சபையில் சிரித்தார். பண்டிதருக்கு வயிறு எரிந்தது.

ஊற்று வந்த ஆறாம் நாள், சேறு வாரும் வேலையும் முடிந்தபின், பூவாத்தாள் குடத்தோடு வந்தபோது காவலாளி மறித்தான். "நீங்க தொட்டா கிணறு தீட்டாம். பண்டிதர் உத்தரவு."

அவள் வெறுங்குடத்தோடு நேரே சபைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்ட ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்தது.

"தீட்டு என்ற சொல் எப்படி வந்தது? இரண்டு பேரும் சொல்லுங்கள். யார் சொல்வது நிற்கிறதோ அவர் பக்கம் கிணறு."

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "தீண்டுவதால் வருவது தீட்டு. இவர்கள் தீண்டிய நீர் தீட்டு. அதைக் குடித்தவனும் தீட்டு."

"சாமி, அந்த ஊத்து முதல்ல எங்க காலைத்தான் தொட்டுச்சு. கழுத்தளவு தண்ணியில நின்னு சேறு வாரினோம். அஞ்சு நாளா அதைத்தான் நீங்க குடிக்கிறீங்க. ராஜாவும் குடிக்கிறாரு."

சபையில் சிலர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜா முகம் கறுத்தது. பண்டிதர் அவசரமாக, "ஊறும் நீருக்குத் தீட்டு கிடையாது" என்றார்.

"அப்ப சரி சாமி. கிணறு இன்னும் ஊறிக்கிட்டுத்தான் இருக்கு."

ராஜா பூவாத்தாள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லம்மா, அந்தச் சொல் எப்படி வந்தது?" என்றார் ராஜா.

"தொட்டா வர்றதில்ல மகாராஜா. என் தம்பியைக் கிணத்துக்குள்ளேருந்து தூக்குறப்ப அது யார் வாயிலயும் இல்ல. தண்ணி வர்ற வரைக்கும் இல்ல. எங்க வேலை முடிஞ்ச அன்னைக்குத்தான் பொறந்துச்சு."

ராஜா தன் கைக்காப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். கிணறு எல்லோருக்கும் பொது என்று முரசறையச் சொன்னார். பண்டிதர் இனித் தம் குடத்தைத் தாமே சுமக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

இரண்டு நாள் பண்டிதர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் தாகம் தாங்காமல் குடத்தோடு வந்து சேர்ந்தார். பூவாத்தாளின் சனம் வரிசையில் நின்றது. யாரும் அவரை விரட்டவில்லை, யாரும் வழியும் விடவில்லை. அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.